பதின்மூன்றாவது அம்புமுனை

அத்தியாயம் 7

"மனிதனை மிருகத்திலிருந்து பிரித்தது நெருப்பு அல்ல, சக்கரம் அல்ல, மொழியும் அல்ல. கூர்மை! இரும்பின் விளிம்பில் குடியிருக்கிறது மனிதனின் மனசாட்சி!"

சுப்பீரியர் ஏரிக்கரை ஊரான கல்லியோவின் வில்வேட்டைக் கிளப் தலைவர் ஹார்லன் டிரெம்பாத் ஒவ்வொரு செப்டம்பரிலும் இப்படித்தான் ஆரம்பிப்பார். அம்புமுனை தீட்டுவது எப்படி என்ற அந்த வகுப்பு ஒன்றரை மணி நேரம் நடக்கும். வந்திருக்கும் நாற்பது பேரில் முப்பது பேர் வகுப்புக்குப் பிறகு பரிமாறப்படும் வறுத்த மீனுக்காக வந்தவர்கள். மீதிப் பத்துப் பேர் வகுப்பு முடிந்திருக்கும் என்று தப்புக் கணக்குப் போட்டு உள்ளே நுழைந்தவர்கள்.

இந்த அக்டோபரில் அந்தக் கிளப்பைச் சேர்ந்த அம்பு ஒன்று தொடக்கூடாத மானைத் தொட்டுவிட்டது.

அந்த மானுக்கு ஊர் வைத்த பெயர் 'மேயர்'. பதினோரு கிளைக் கொம்பு. நடுத்தெருவில் நடக்கும், யாருக்கும் வழிவிடாது, ஒரு வேலையும் செய்யாது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள தோப்பில் அதன் வாசம். அங்கே வேட்டைக்குத் தடை. திங்கட்கிழமை காலை அது தோப்பின் வேலியோரம் செத்துக் கிடந்தது. மானைத் துளைத்து வெளியேறிய அம்பு கொஞ்சம் தள்ளி ஒரு பட்ட மரத்தில் குத்தி நின்றது. அம்பின் வால்பக்கம் மஞ்சள், கறுப்பு, மஞ்சள் என்று மூன்று வளையங்கள். கல்லியோவில் அந்த வளையம் ஒரே ஒருத்தியுடையது. ஐலி மாக்கினென்.

ஐலிக்கு மூன்று பிள்ளைகள். கணவன் தாதுக் கப்பலில் வேலை; சுப்பீரியர் ஏரி உறையும்வரை கரைக்கு வரமாட்டான். அந்த வீட்டில் குளிர்காலச் சாப்பாடு என்றால் அவள் வில்லால் அடித்து ஃப்ரீசரில் போடும் இரண்டு மான்தான். நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் நீதிபதி முன் நிற்க வேண்டும். குற்றம் உறுதியானால் மூன்று வருஷம் லைசென்ஸ் கிடையாது. வில் ஏற்கெனவே பறிமுதலாகி, வேட்டைக் காவலர் டெனிஸ் ரிவாரின் அலமாரிக்குள் இருந்தது.

வியாழன் காலை எட்டரைக்கு அந்த அலமாரிக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ரூபென் காங்காஸ். கார்மீது மான் மோதிவிட்டது என்று இன்சூரன்ஸ் கேட்பவர்களைப் பன்னிரண்டு வருஷம் விசாரித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். மான் விஷயத்தில் மனிதர்கள் எப்படியெல்லாம் பொய் சொல்வார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். இன்னொருத்தி தெல்மா பென்ஹேல். ஊரின் ஒரே முடிதிருத்தும் கடைக்காரி. துப்பறிய அவளை யாரும் கூப்பிடவில்லை. ரூபென் பாதி முடிவெட்டில் எழுந்து வந்ததால் மீதியை முடிக்கக் கூடவே வந்திருந்தாள்.

"முனையைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார் ரூபென்.

"பாருங்க. விரலை வெட்டிக்கிட்டா அரசாங்கம் பொறுப்பில்ல," என்றார் ரிவார்.

ரூபென் அம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இலை மாதிரி அகன்ற, இரண்டு பக்கமும் அலகுள்ள இரும்பு முனை. நுனி மரத்தில் மோதி மழுங்கியிருந்தது. ஆனால் மரத்துக்குள் போகாத அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது.

"இதுல முகம் பாத்துச் சவரம் பண்ணலாம்," என்றார்.

"உன் மூஞ்சியைக் காட்டாதய்யா, மீதியும் மழுங்கிடும்." தெல்மா அம்பை வாங்கினாள். யாரும் தடுப்பதற்குள் ரூபெனின் இடது முழங்கையைப் பிடித்து, அலகை ஒரு இழுப்பு இழுத்தாள். தபால்தலை அகலத்துக்கு ரோமம் உதிர்ந்தது.

"ஏம்மா! அது சாட்சிப் பொருள்!" என்று அலறினார் ரிவார்.

"இப்ப ரெண்டு சாட்சி," என்று ரூபெனின் கையிலிருந்த மொட்டைத் திட்டைக் காட்டினாள் தெல்மா.

ரூபெனுக்குக் கை எரிந்தது, மூளை குளிர்ந்தது. கல்லியோவில் வில் பிடிக்கிறவர்கள் இரண்டு கட்சி. அரக் கட்சிக்காரர்கள் அரத்தால் ராவி, விளிம்பைச் சொரசொரப்பாக, சின்ன ரம்பப் பல் மாதிரி விட்டுவிடுவார்கள். கல் கட்சிக்காரர்கள் சாணைக்கல்லில் இழைத்து, தோல் வாரில் தேய்த்து, கண்ணாடி ஆக்குவார்கள். இந்த இரண்டு கட்சிக்காரர்களும் கல்யாண விருந்தில்கூட ஒரே மேஜையில் உட்காருவதில்லை.

"ஐலி அரக் கட்சி," என்றார் ரூபென். "இது கல் கட்சி வேலை."

"கட்சி மாறியிருக்கலாம்ல?" என்றார் ரிவார்.

"புருஷனை மாத்துவாங்க, சர்ச்சை மாத்துவாங்க. இதை மாத்தமாட்டாங்க."

தெல்மா அலகைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாள். "இன்னொண்ணு. வலதுகைக்காரங்க தேச்சா கோடு இந்தப் பக்கம் சாயும். இது எதிர்ப்பக்கம் சாயுது. எங்கப்பா இடதுகைக்காரர். அவர் தீட்டுன சவரக்கத்தியெல்லாம் இப்படித்தான் இருக்கும். இதைத் தீட்டுனது இடதுகை."

"ஐலி?"

"வலதுகை. என் கடையில செக்குல கையெழுத்துப் போட்டிருக்கா."

ரூபென் அதற்குள் முனையை மூக்கருகே கொண்டுபோயிருந்தார். முனையின் நடுவில் எடையைக் குறைப்பதற்காக வைத்த இரண்டு துளைகளிலும், துரு பிடிக்காமலிருக்கப் பூசிய கொழுப்பு அப்பியிருந்தது. ஒருமுறை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை முகர்ந்தார்.

"ஏலக்காய்."

ரிவாரும் முகர்ந்தார். "ஆமா, நம்ம ஃபின்லாந்துக்காரங்க சுடுற நிசு ரொட்டி வாசனை. அதனால என்ன? இந்த ஊர்ல ஏலக்காய் வாசனை இல்லாத ஒரே இடம் கல்லறைதான்."

"அதான் விஷயம். வில்வேட்டைக்காரன் மான் மோப்பம் பிடிச்சுடும்னு சோப்புப் போட்டுக் குளிக்கவே பயப்படுவான். அவன் அம்புல அடுப்பங்கரை வாசனை எப்படி வந்துச்சு? அடுப்பங்கரையில வச்சுத் தீட்டியிருக்காங்க. சரி, இந்த ஊர்ல எந்த ஆம்பளையை எண்ணெயும் சாணைக்கல்லுமா அடுப்பங்கரைக்குள்ள விடுவாங்க? உங்களை விடுவாங்களா?"

ரிவார் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தது தன் மனைவியின் முகத்தை என்பது தெரிந்தது. "கராஜுக்கு அனுப்பிடுவா," என்றார்.

"அப்ப ஒண்ணு, கல்யாணம் ஆகாத ஆளு. இல்ல, பொம்பளை."

"இதையெல்லாம் நாளைக்கு நீதிபதிகிட்ட நான் சொல்ல முடியாது, ரூபென். ஏலக்காய், இடதுகை, கோடு சாயுதுன்னா என்னைத்தான் உள்ள வைப்பார். எனக்குப் பேர் வேணும்."

"சாயங்காலத்துக்குள்ள தர்றேன்."

"தலையில பாதிக்குக் கிராப்பு, பாதிக்குக் காடு. இதோட போய் யாரை மிரட்டப் போற?" என்றாள் தெல்மா.

* * *

ஐலி தன் கராஜில் அரத்தோடு இருந்தாள். வில் இல்லாத வீட்டிலும் அம்புமுனைகளை ராவிக்கொண்டிருந்தாள். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிடுவாள். ஒரு பலகையில் இரண்டு ஆணிக்கு நடுவே ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டியிருந்தாள். ராவிய முனையை அதன்மேல் லேசாக வைத்தாள். பட்டென்று அறுந்தது. அதுதான் அவளுடைய சோதனை. அவள் கைகளில் ரோமம் பத்திரமாக இருந்ததைத் தெல்மா முதலிலேயே பார்த்துவிட்டாள்.

"நாளைக்கப்புறம் இதெல்லாம் எதுக்குன்னு தெரியல. கை சும்மா இருக்கமாட்டேங்குது," என்றாள் ஐலி.

"அந்த அம்பு உன்னோடதுதானா?" என்றார் ரூபென்.

"தண்டு என்னோடது. ஆனா அந்த முனையோட கூர் என்னோடது இல்ல. சொன்னா யாரு கேக்குறா? செப்டம்பர் வகுப்புக்கு ஒண்ணு கொண்டுபோனேன். மேடை மேஜையில எல்லாரும் ஒரு அம்பு வச்சோம், தலைவர் பாத்துக் கருத்துச் சொல்றதுக்கு. திரும்ப எடுக்கப் போனா என்னோடது மட்டும் இல்ல."

"அப்பவே ஏன் சொல்லல?"

ஐலி அரத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நான் ஏற்கெனவே ஒரு வம்பு பண்ணியிருந்தேன். ஒன்றரை மணி நேரம் பேசுனாரே, ஒண்ணு தீட்டிக் காட்டுங்களேன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவர் மணி பாத்தார். மீன் ஆறிடும்னார்."

"மீனு ஆறியிருந்துச்சா?"

"இல்ல. எண்ணெயே இன்னும் காயல."

வெளியே வந்து பிக்கப் வண்டியில் ஏறியதும் தெல்மா சொன்னாள்: "டிரெம்பாத். அவன் மேஜை, அவன் கோவம். போய் அமுக்கு."

"அவரு வலதுகைக்காரர். கல்யாணமும் ஆயாச்சு. அந்த மேஜையைச் சுத்தி நாப்பது பேர் இருந்தாங்க. நாப்பதுல இடதுகைக்காரன், கல் கட்சி, கல்யாணம் ஆகாதவன். யாரு?"

தெல்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "நினைச்சுப் பாக்கணும்," என்றாள். ஊரில் எல்லார் தலையையும் மனப்பாடமாக வைத்திருப்பவள் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது ரூபெனுக்கு விசித்திரமாகப் பட்டது.

* * *

மூன்றுக்கும் பொருந்திய வெய்க்கோ சல்மேலா மரம் அறுக்கும் ஆலையில் இருந்தான். ஐம்பது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. இடதுகைக்காரன். சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான். வலது முழங்கைக்குக் கீழே, வழித்த தார்ச்சாலை மாதிரி ஒரு மொட்டைத் திட்டு.

"எங்க வச்சுத் தீட்டுவ, வெய்க்கோ?" என்றார் ரூபென்.

"அடுப்பங்கரையில. யாரு கேக்கப்போறா?"

"நிசு ரொட்டி சாப்பிடுவியா?"

"இது என்ன கேள்வி? நான் ஃபின்லாந்துக்காரன் பேரன்."

ரூபென் குரலைத் தாழ்த்தினார். இன்சூரன்ஸ் நாட்களில் ஆட்களை உடைத்த குரல் அது. "ஞாயித்துக்கிழமை பொழுது சாயுற நேரம் எங்க இருந்த?"

வெய்க்கோவின் காது சிவந்தது. தொப்பியைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். அவன் பார்வை ரூபெனைத் தாண்டித் தெல்மாவிடம் போயிற்று.

"சொல்லு வெய்க்கோ. ஒருத்தியோட குளிர்காலமே இதுல இருக்கு."

"அவன் தோப்புக்குப் போகல," என்றாள் தெல்மா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"யாராவது பாத்தாங்களா?"

"பாத்தாங்க. மூணு மணியிலிருந்து எட்டு மணிவரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க. வா போகலாம். உன் கிராப்பு பாதியில நிக்குது."

பன்னிரண்டு வருஷ விசாரணை அனுபவத்தில் ரூபென் கற்ற முக்கியமான பாடம், எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது என்பதுதான். வண்டியைக் கிளப்பினார்.

* * *

ஹார்லன் டிரெம்பாத்தின் வீட்டில் ஒரு அறைக்கு 'கூர்மை ஆய்வகம்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. சுவரெல்லாம் கொம்புகள். நடுவில் ஒரு இடம் மட்டும் காலி. பெரிய கொம்புக்கு அளவெடுத்து விட்ட மாதிரி இருந்தது. வேலை மேஜைமேல் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை இல்லை. சாணைக்கல் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்மேல் படுத்திருந்தது.

டிரெம்பாத் குள்ளமான மனிதர். அந்தக் குறையை உயரமான பூட்ஸ் குதிகாலாலும் மேடைப் பேச்சு நடையாலும் சரிக்கட்டி வைத்திருந்தார்.

"அம்மையார் ஐலிக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது, திரு. காங்காஸ். ஆயினும் கூர்மையைக் கையாளத் தகுதி வேண்டும். நான் வகுப்பிலேயே எச்சரித்திருந்தேன்."

"அந்த அம்பு உங்க மேஜையிலிருந்து காணாமப் போயிருக்கு, சார்."

"நாற்பது பேர் நடமாடிய மேஜை அது." டிரெம்பாத் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இரண்டு கைகளிலும் கரடி மாதிரி ரோமம். அதில் ஒரு இழை குறைந்திருக்கவில்லை. தெல்மா ரூபெனின் விலாவில் இடித்தாள்.

"நீங்க கூரை எப்படிச் சோதிப்பீங்க? எல்லாரும் கையில வழிச்சுப் பாப்பாங்க. உங்க கையில மாடு மேயலாம் போலிருக்கே," என்றாள்.

"நான் உள்ளுணர்வால் அறிகிறேன்."

"ஒண்ணு தீட்டிக் காட்டுங்களேன்," என்றார் ரூபென்.

"அக்டோபரில் கல்லுக்கு ஓய்வு தருவது மரபு."

"யாரோட மரபு?"

டிரெம்பாத் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. அவர் மனைவி லெம்பி காபித் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டில் அப்போதுதான் சுட்ட நிசு ரொட்டி. ஏலக்காய் வாசனை அறையை நிரப்பியது. ஒல்லியான, சத்தமில்லாத பெண். நீளக்கைக் கம்பளிச் சட்டை.

இடது கையால் காபியை ஊற்றினாள். வலது கையால் கோப்பையை நீட்டினாள். நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை குழந்தையின் கன்னம் மாதிரி வழுவழுப்பு.

லெம்பி எல்லார் பார்வையும் எங்கே நிற்கிறது என்று கவனித்தாள். கையை இறக்கிக்கொண்டாள்.

அறையில் இருந்தவர்களில் மிக வேகமாகக் கணக்குப் போட்டவர் டிரெம்பாத்தான். ஒரு நிமிஷத்தில் மேடைப் பேச்சு கழன்று விழுந்தது.

"லெம்பி... நீயா? அந்த மேயர் உன் முட்டைக்கோஸ் பாத்தியைப் பூரா தின்னுடுச்சுன்னு கத்துனியே. கொல்லணும்னு சொன்னியே!" ரூபென் பக்கம் திரும்பினார். "சொன்னா சார். என் காதால கேட்டேன். நான் வலதுகைக்காரன், ஊருக்கே தெரியும். தீட்டுனது இடதுகைன்னா நான் எப்படி..."

"இடதுகைன்னு நாங்க இன்னும் சொல்லலையே," என்றாள் தெல்மா.

"காவலர் ஆபீஸ்ல பேசுனது ஊரெல்லாம் வந்துடுச்சு," என்றார் டிரெம்பாத். அது உண்மைதான், ரிவார் மத்தியானம் மூன்று கடைகளில் காபி குடித்திருந்தார்.

ரூபென் லெம்பியைப் பார்த்தார். தீட்டியவள் இவள். கொல்லக் காரணம் இருந்தது. மேஜையருகே அன்று மீன் பரிமாறியவளும் இவள்தான். எல்லாம் பொருந்தியது. இவ்வளவு சுலபமாகப் பொருந்தியது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கு வில் விடத் தெரியுமா?"

"நாண் இழுக்க முடியாது. தோள்ல ஆபரேஷன்." லெம்பி காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஆனா தீட்டுனது நான்தான். இவரோட முனை எல்லாத்தையும் நான்தான் தீட்டுறேன். இருபத்திரண்டு வருஷமா."

"லெம்பி!" என்றார் டிரெம்பாத். மனைவியைக் கொலைகாரி என்றபோது நடுங்காத குரல் இப்போது நடுங்கியது.

"சனிக்கிழமை சனிக்கிழமை அடுப்பங்கரை மேஜையில பன்னெண்டு முனை வச்சுட்டுப் போவார். ரொட்டி அடுப்புல இருக்குறப்ப தீட்டிடுவேன். மாவு பிசைஞ்ச கையோடதான் கொழுப்பும் பூசுவேன். போன சனிக்கிழமை எண்ணுனா பதிமூணு இருந்துச்சு."

"தண்டு?" என்றார் ரூபென்.

"முனை மட்டும்தான். சூடு காட்டிக் கழட்டியிருந்துச்சு. பாக்க எல்லாம் ஒரே மாதிரி. ஆனா பதிமூணாவது அரத்தால ராவுனது. நல்லாவே ராவியிருந்தாங்க."

"உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

லெம்பி கணவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"வந்துச்சு. அந்தப் பொண்ணு வகுப்புல கேட்ட கேள்வி மனசுல குத்தி, இவரே ரகசியமா ஒண்ணைத் தீட்டிப் பழகிப் பாத்திருக்கார்னு நினைச்சேன். ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. கேட்டா கூச்சப்படுவாரேன்னு கேக்கல. சரி, ஒழுங்கா ஆகட்டும்னு அதையும் சேத்து மெருகேத்தி வச்சேன்."

தெல்மா தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து லெம்பியின் கையில் வைத்தாள்.

ரூபென் சொன்னார்: "மாட்டுனா ஐலி மாட்டட்டும்னு அவ அம்பை எடுத்தீங்க, டிரெம்பாத். அதை அப்படியே விட்டிருந்தா இன்னிக்கு நீங்க தப்பிச்சிருப்பீங்க. அரம் போட்ட முனையே மானைக் கொன்னிருக்கும். ஆனா கல் கட்சித் தலைவருக்கு அரக் கட்சிக் கூரை நம்பி வேட்டைக்குப் போக மனசு வரல. தீட்டக் குடுத்தீங்க."

டிரெம்பாத் சுவரில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பூட்ஸ் தரையைத் தொடவில்லை.

"அது வேலியோரமா போய், எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி விழும்னு நான் நினைக்கல," என்றார்.

* * *

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஐலியின் வழக்கு வாபஸ் ஆயிற்று. ரிவார் அலமாரியைத் திறந்து வில்லை அவள் கையில் கொடுத்தார். அவள் நாணை ஒருமுறை சுண்டிப் பார்த்தாள். அந்த ஒலி அடங்குவதற்குள், யாருக்கும் நன்றி சொல்லாமல், வண்டிக்கு ஓடினாள். பொழுது சாய இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. வேட்டைக் காலம் முடிய மூன்று வாரம்.

பக்கத்து அறையில் டிரெம்பாத்தின் வாக்குமூலம் நடந்தது. தடை செய்த தோப்பில் நுழைந்ததை ஒப்புக்கொண்டார். மானை எய்ததை ஒப்புக்கொண்டார். அடுத்தவளின் அம்பைத் திருடியதையும், அவள்மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் ஒப்புக்கொண்டார். லைசென்ஸ் ரத்து என்றபோதும் தலையாட்டினார். ஏழு பக்கங்களில் ஒவ்வொன்றின் கீழும் தெளிவாகக் கையெழுத்திட்டார்.

ஆறாம் பக்கத்தில் மட்டும் இருபது நிமிஷம் பேனா நின்றது. அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் ரிவார். கிளப்பில் படித்துக் காட்டமாட்டார்களே என்று கேட்டார். வழக்கு ஆவணம், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்றார் ரிவார்.

கேள்வி: முனையை நீங்களே தீட்டாமல் மனைவியிடம் கொடுத்தது ஏன்?

பதில்: எனக்குத் தீட்ட வராது.